பெண்கள் இதழ்களின் எடைக்குறைப்பு உணவுப் பட்டியல்கள்: குறைவது எடையா, சத்தா?

செவ்வந்தி

மேல்நிலைப் பள்ளியில் மனையியல் நடத்துகிறேன். பெண்கள் இதழ் ஒன்றின் எடைக்குறைப்புச் சிறப்பிணைப்பு எங்கள் ஆசிரியைகளிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறையும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். இதழின் பெயர் வேண்டாம். இதே பட்டியல் சிறு மாற்றங்களோடு எல்லா இதழ்களிலும் வருகிறது.

பட்டியல் இதுதான். காலையில் எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சைச் சாறும் ஒரு தேக்கரண்டி தேனும். எட்டரை மணிக்குத் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி ஒரு கிண்ணம். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் நீர்மோரும் வெள்ளரித் துண்டுகளும். மதியம் எண்ணெய் விடாத சப்பாத்தி இரண்டு, காய்கறிப் பொரியல் ஒரு கிண்ணம். நான்கு மணிக்கு கிரீன் டீ. இரவு ஏழு மணிக்குள் காய்கறி சூப், ஒரு தட்டு பப்பாளி. அவ்வளவுதான்.

வகுப்பில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே இதைக் கணக்குப் போட்டேன். ஓட்ஸ் 30 கிராம், கோதுமை மாவு 60 கிராம், பப்பாளி 200 கிராம் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டேன். மொத்தம் 600 கலோரியைத் தொடவில்லை. புரதம் ஏறக்குறைய 17 கிராம். இரும்புச்சத்து ஐந்தாறு மில்லிகிராம். கால்சியம் 300 மில்லிகிராமுக்கும் கீழே.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி, சுமார் 46 கிராம் புரதம், 29 மில்லிகிராம் இரும்புச்சத்து, 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. எடை குறைய வேண்டுமென்றால் கலோரி குறைந்துதான் ஆக வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இரும்புச்சத்து ஐந்தில் ஒரு பங்காகிவிட்டதே, புரதம் பாதிகூட இல்லையே, இதை எதற்காகக் குறைத்தார்கள்? எடை குறைப்பது எப்படி என்று எழுதியவர்கள், சாப்பாட்டில் சத்தாக இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு மிஞ்சியதைப் பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள். படிக்கும் பெண்களுக்கு இது செய்யும் கேடு பெரிது என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அச்சுக்கூடம்

நான் மறுக்கிறேன். பெண்கள் இதழ் ஒன்றில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன். இந்தப் பக்கங்கள் எப்படி உருவாகின்றன என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன்.

முதலில், ஒரே ஒரு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இதழ்கள் எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அதே இதழில் நான்கு பக்கம் தள்ளிப் புரட்டினால் பாசிப்பயறு அடை, முருங்கைக்கீரைக் கூட்டு, கேழ்வரகு சமையல் என்று வந்திருக்கும். கம்பையும் சாமையையும் திரும்ப நகரத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்ததில் பெண்கள் இதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, வாசகிகள் யாரும் பட்டியலை அச்சு மாறாமல் பின்பற்றுவதில்லை. எனக்கு வந்த கடிதங்களை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் காபியில் சர்க்கரையை விட்டிருப்பார். ஒருவர் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் கொண்டுவந்திருப்பார். பட்டியலிலிருந்து தனக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அது நன்மைதானே?

மூன்றாவதுதான் முக்கியம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேரால் உணவியல் நிபுணருக்குக் கட்டணம் கொடுத்து ஆலோசனை பெற முடியும்? சலூனிலும் பஸ்ஸிலும் பக்கத்து வீட்டிலும் ஓசியில் படிக்கக் கிடைக்கிற ஒரு பக்கத்தையும் நீங்கள் பிடுங்கிக்கொண்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்?

செவ்வந்தி

அச்சுக்கூடம் ஐயா, நீங்கள் சொன்ன அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில், அதே தமிழ்நாட்டில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பருமனான பெண் சத்தோடு இருக்கிறாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோறும் எண்ணெயும் சர்க்கரையும் எடையை ஏற்றும், ரத்தத்தை ஊற வைக்காது. எடையைக் குறைக்க உங்கள் பக்கத்தைத் திறக்கிற பெண்களில் பலர் ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களிடம் நாளுக்கு ஐந்தாறு மில்லிகிராம் இரும்புச்சத்தில் இருங்கள் என்று சொல்வதற்கு எந்த இதழுக்கும் உரிமை கிடையாது.

அடை பற்றியும் கூட்டு பற்றியும் நீங்கள் சொன்னது உண்மை. அந்த அடை ஏன் எடைக்குறைப்புப் பட்டியலுக்குள் வரவில்லை என்பதுதான் என் கேள்வி. சமையல் பக்கத்தில் இருப்பது குடும்பத்துக்கு. டயட் பக்கத்தில் இருப்பது அவளுக்கு. அவள் மட்டும் வெள்ளரிக்காய் சாப்பிட வேண்டும்.

கரிசல்பூமி

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் படிப்பு அதிகம் இல்லாதவள், தையல் வேலை செய்கிறேன். இரண்டாவது குழந்தை பால் மறந்த பிறகு என் எடை 78 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டதற்கு, மூன்று மாதத் திட்டம் என்று சொல்லி ஒரு தொகை சொன்னார்கள். அது என் மாத வருமானத்தைவிட அதிகம். எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு இதழில் வந்த பட்டியலை வெட்டி அரிசி டிரம் மேல் ஒட்டிவைத்துச் சாப்பிட்டேன். ஒன்பது கிலோ குறைந்தது. இன்றுவரை பெரிதாக ஏறவில்லை. முழங்கால் வலி போய்விட்டது. தையல் மெஷினில் தொடர்ந்து உட்கார முடிகிறது. அந்தப் பக்கத்தை எழுதியவர் யாரென்றே தெரியாது, ஆனால் நன்றியோடுதான் நினைக்கிறேன். படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து அது தப்பு, இது தப்பு என்று சொல்லும்போது எங்களைப் போன்றவர்கள் முட்டாள்தனமாக எதையோ நம்பிவிட்டோம் என்பதுபோல் இருக்கிறது. எனக்கு அது வேலை செய்தது.

வெண்முகில்

அரசு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் பணியாற்றுகிறேன். கரிசல்பூமி சகோதரி, நீங்கள் எடை குறைத்ததும் அதைக் காப்பாற்றி வருவதும் பெரிய செய்தி. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பட்டியலில் இருந்ததை மட்டும்தான் சாப்பிட்டீர்களா? வேறு ஏதாவது சேர்த்தீர்களா?

அவர் பதில் சொல்லட்டும். அதற்குள், நான் அன்றாடம் பார்ப்பதை எழுதுகிறேன்.

600 கலோரியில் முதல் வாரம் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உடல் தன் கையிருப்பாக ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தை வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் அது கரைந்து நீரோடு வெளியேறுகிறது. எடை பார்க்கும் இயந்திரத்தில் முள் இறங்குகிறது, இதழ் சொன்னது பலித்துவிட்டது என்று நம்பிக்கை வருகிறது. பழையபடி சாப்பிட்ட சில நாளில் அந்த எடை திரும்பி வந்துவிடும். பட்டினி தொடர்ந்தாலோ, புரதம் இல்லாத குறைக்குத் தசை கரைய ஆரம்பிக்கிறது. மிக வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

தலைமுடியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கடுமையான பட்டினிக்குப் பிறகு கொத்துக் கொத்தாக முடி உதிர்வது உடனே நடக்காது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் அவர்கள் டயட்டை விட்டு வெகுநாள் ஆகியிருக்கும். எனவே இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. தண்ணீர் சரியில்லை, ஷாம்பு சரியில்லை என்று வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மடித்து வைத்த காகிதம் கைப்பையிலிருந்து வெளியே வருகிறது.

கரிசல்பூமி

வெண்முகில் மேடம், நீங்கள் கேட்டதற்குப் பதில். பட்டியல்படிதான் தொடங்கினேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தையல் மெஷினிலேயே தலை சுற்றிவிட்டது. என் மாமியார் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இதைச் சாப்பிட்டு யார் பிழைப்பார்கள் என்று சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகு மதியம் சப்பாத்தியோடு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும், காலையில் ஒரு அவித்த முட்டையும் என் முன்னால் வைத்து, சாப்பிடும்வரை நகர மாட்டார்கள். இரவில் சூப்புக்குப் பதில் கேழ்வரகு தோசை. சர்க்கரை, வடை, பஜ்ஜி, டீயோடு பிஸ்கட் எல்லாவற்றையும் விட்டேன். காலையில் நடந்தேன்.

செவ்வந்தி

அப்படியென்றால் உங்களை இளைக்க வைத்தது உங்கள் மாமியாரின் பட்டியல். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்

நான் முதல் பதிவில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாசகி தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறார். அந்தக் காகிதம் அரிசி டிரம் மேல் ஒட்டப்படாமல் இருந்தால் வடையையும் பிஸ்கட்டையும் அவர் விட்டிருப்பாரா? தொடங்கி வைத்தது இதழ். மாமியார் அதைச் சரிசெய்தார். தொடங்கி வைப்பது சிறிய வேலையா?

வெண்முகில்

சரிசெய்ய ஆள் இருக்கும் வீடுகளில் உங்கள் வாதம் நிற்கும், ஐயா. விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பக்கத்தில் கெட்டிப் பருப்போடு யார் உட்காருவது? கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு மாதத்துக்குள் இளைத்தாக வேண்டும் என்று வீட்டாரே நெருக்கும் பெண்ணுக்கு? என்னிடம் வருபவர்களில் காகிதத்தில் உள்ளதைவிடவும் குறைத்துச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சப்பாத்தி என்றால் ஒன்றோடு நிறுத்துவார்கள், பலன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று. வாசகி மாற்றிக்கொள்வாள் என்று சொல்கிறீர்களே, எந்தப் பக்கம் மாற்றிக்கொள்வாள் என்பது உங்கள் கையில் இல்லை.

நாட்டுவிதை

இத்தனை பேர் பேசியும் அடிப்படையை யாரும் தொடவில்லை. ஓட்ஸ் எங்கிருந்து வந்தது? கிரீன் டீ எங்கிருந்து வந்தது? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று இரண்டு வரியில் டயட் சொன்ன ஊர் இது. கொள்ளை வேகவைத்து வடித்த நீரில் ரசம் வைத்துக் குடித்தால் ஊளைச்சதை கரையும். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சாப்பிட்ட நம் பாட்டிமார் கலோரியை எண்ணவில்லை. வயல் வேலையும் செய்தார்கள், எண்பது வயதுவரை இருந்தவர்களும் உண்டு. பட்டியல்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் இந்த விவாதமே தேவையில்லை.

செவ்வந்தி

நாட்டுவிதை அண்ணா, கேழ்வரகைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியால் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஓட்ஸ் இருந்த இடத்தில் கேழ்வரகு இருந்திருந்தாலே அந்தப் பட்டியல் பாதி தேறியிருக்கும்.

கொள்ளுக்கு வருகிறேன். கொள்ளில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு புரதம். இரும்புச்சத்தும் நிறைய. ஆனால் அது பயறில் இருக்கிறது. வடித்த நீரில் கொஞ்சம்தான் இறங்கும். நீங்கள் சொல்லும் ரசத்தில் சத்தை மாட்டுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம். இதழ்களிலும் கொள்ளு ரசம் என்றுதான் வருகிறது, கொள்ளுச் சுண்டல் என்று வருவதில்லை. சதையைக் கரைக்கும் வேலையை எந்த ரசமும் செய்யாது. ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டால் வயிறு நிறைந்து, மாலையில் பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் போகாமல் இருக்கும். கொள்ளு செய்யும் உதவி அதுதான். அது போதாதா?

பழைய சாப்பாடு முழுவதும் குறையில்லாதது என்பதையும் ஏற்க மாட்டேன். இன்று ஐதராபாத்தில் இருக்கும் ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் தொடங்கப்பட்டது நம் குன்னூரில், விட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக. அங்கே மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த வடமேற்குச் சாப்பாட்டில் எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியையே நம்பியிருந்த நம் பக்கத்துச் சாப்பாட்டில் வளர்ந்தவை வரிசையின் கடைசியில் நின்றன.

நாட்டுவிதை

அது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. கைக்குத்தல் அரிசியும் புழுங்கலரிசியும் சாப்பிட்டவர்களுக்குப் பெரிபெரி அநேகமாக வந்ததில்லை என்பதும் அதே ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னதுதான். குற்றம் அரிசியுடையதில்லை, தீட்டியவனுடையது.

செவ்வந்தி

தீட்டுவதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் எலிகள் கடைசியில் நின்றதற்குத் தட்டில் பாலும் பருப்பும் கீரையும் குறைவாக இருந்ததும் காரணம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்த பெண்களின் தட்டை நினைத்துப் பாருங்கள். அந்தத் தட்டு இன்னும் மாறவில்லை. அதற்கு மேல்தான் இந்த டயட் பட்டியல் வந்து உட்காருகிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நிலாச்சோறு

ஜி.எம். டயட்டை யாரும் குறிப்பிடவில்லையே. முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய்கறி மட்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று ஏழு நாள். அமெரிக்கக் கார் கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகத் தயாரித்தது என்று எல்லா இதழிலும் போட்டார்கள். அப்படித் தயாரித்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. முதல் மூன்று நாளும் புரதம் மிகக் குறைவாக உள்ள ஒன்றை ஒரு பெரிய கம்பெனியின் பெயரை ஒட்டி விற்றுவிட்டார்கள். அச்சுக்கூடம் ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

அச்சுக்கூடம்

அதை ஆதரிக்க மாட்டேன். எங்கள் இதழில் அதை வெளியிட வேண்டாம் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். தோற்றுவிட்டோம்.

ஆனால் செவ்வந்தி அவர்களின் அணுகுமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. 55 கிலோ பெண்ணுக்கு உரிய 1660 கலோரியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, 80 கிலோ பெண்ணின் டயட்டை அளக்கிறார். அதிக எடை உள்ளவரின் உடம்பிலேயே ஆற்றல் சேமிப்பு இருக்கிறது. குறைந்த கலோரி என்பதாலேயே பட்டினி என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர்களே சிலருக்கு 800 கலோரித் திட்டம் கொடுக்கிறார்களே!

செவ்வந்தி

சேமிப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இடுப்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து கலோரி தரும். அதிலிருந்து இரும்புச்சத்து வராது. கால்சியம் வராது. புரதம் வராது. 80 கிலோ பெண்ணுக்குக் கலோரி குறைவாக இருந்தால் அவள் உடம்பு ஈடு கொடுக்கும். மற்றவை குறைவாக இருந்தால் எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்துத்தான் ஈடு கொடுக்கும். நான் கலோரிக்காக அழவில்லை, ஐயா. முதல் பதிவிலிருந்தே இதைத்தான் சொல்கிறேன்.

கலோரியிலும் ஒரு வரம்பு இருக்கிறது. அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், எடைக்குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும், வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பு என்றும் இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பட்டினியின் விளைவுகளை அறிவதற்காகவே 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். அவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்த அரைப்பட்டினிச் சாப்பாடு நாளுக்குச் சுமார் 1570 கலோரி. சோர்வு, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைவு என்று அவர்கள் தவித்தது பதிவாகியிருக்கிறது.

வெண்முகில்

மினசோட்டா இளைஞர்கள் பருமனானவர்கள் இல்லை, வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைக்கப்பட்டார்கள். அதை நேராக இங்கே பொருத்த வேண்டாம். நம் தரப்பு வாதம் அது இல்லாமலே நிற்கும்.

800 கலோரித் திட்டம் பற்றி அச்சுக்கூடம் ஐயா சொன்னதற்குப் பதில்: உண்டு. அதில் நாள் முழுவதற்கும் தேவையான புரதமும் விட்டமின்களும் தாதுக்களும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். இடையிடையே ரத்தப் பரிசோதனை நடக்கும். மருத்துவர் கண்காணிப்பு இருக்கும். வெள்ளரிக்காயும் சூப்பும் அதற்கு ஈடாகாது.

அச்சுக்கூடம்

சரி. குறை சொல்வது எளிது. அரைப்பக்கம் தருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு, வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதிலிருந்தே ஒரு பட்டியல் போட்டுக் காட்டுங்கள். விலை உயர்ந்த பொருள் எதுவும் வரக் கூடாது.

செவ்வந்தி

போடுகிறேன்.

காலை ஒரு டம்ளர் பால், சர்க்கரை இல்லாமல். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், பருப்பு தட்டுப்படும் சாம்பாராக இருக்க வேண்டும். மதியம் 50 கிராம் அரிசியில் வடித்த சோறு. அதோடு தாராளமாகப் பருப்புக் கூட்டு, ஒரு பெரிய கரண்டி முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு கிண்ணம் தயிர். மாலை ஒரு கை கொள்ளுச் சுண்டல், ஒரு கொய்யாப்பழம். இரவு இரண்டு கேழ்வரகு தோசை, ஒரு முட்டை. நாள் முழுவதற்கும் மூன்று தேக்கரண்டி எண்ணெய்.

மொத்தம் 1300 கலோரியை ஒட்டி வரும். புரதம் 50 கிராம். கால்சியம் ஏறக்குறைய 900 மில்லிகிராம். தனியாக எதையும் வாங்கவோ சமைக்கவோ வேண்டாம். வீட்டில் வெந்ததில் சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டி, முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அச்சுக்கூடம்

இரும்புச்சத்தின் கணக்கை நீங்கள் எழுதவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். கீரையை 100 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் 14 மில்லிகிராமைத் தாண்டவில்லை. நீங்கள் கேட்ட 29இல் பாதிகூட இல்லை. இதழில் வந்தால் கேடு, நீங்கள் எழுதினால் நல்லதா?

வெண்முகில்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது செவ்வந்தி டீச்சரின் பட்டியலில் உள்ள குறை இல்லை. மரக்கறி மிகுந்த நம் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதனால்தான் தேவை 29 என்று அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். 1300 கலோரிக்குள் வீட்டுச் சாப்பாட்டில் அதை எட்டுவது அநேகமாக நடக்காது. ஐந்துக்கும் பதினான்குக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மீதிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

டயட் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதற்கு மருந்து. இரும்புச்சத்து மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. இந்த நான்கு வரியை எந்த இதழும் பட்டியலுக்கு மேலே அச்சிட்டு நான் பார்த்ததில்லை. மருத்துவரை ஆலோசிக்கவும் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எதற்காக ஆலோசிக்க வேண்டும் என்று இருக்காது.

நிலாச்சோறு

இன்னொன்றும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் உண்டு. பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்ய முடியாது. ஆனால் பதினைந்து நாளில் ஐந்து கிலோ என்று உணவுப் பட்டியலுக்குத் தலைப்புப் போட்டால் அந்தச் சட்டம் கிட்டே வராது, ஏனென்றால் அது மருந்து இல்லை. வாக்குறுதி என்னவோ ஒன்றுதான்.

அச்சுக்கூடம்

வெண்முகில் அவர்கள் சொன்ன நான்கு வரியை அச்சிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இன்னும் அச்சில் இருக்கும் நண்பர்களிடம் எடுத்துச் சொல்வேன்.

தலைப்பு விஷயத்தில்தான் இறங்கி வர முடியவில்லை. செவ்வந்தி அவர்களின் பட்டியலால் மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ குறையலாம். அதை அட்டையில் போட்டால் கடையில் தொங்கும் இதழை யாரும் எடுக்க மாட்டார்கள். இதழ் விற்காமல் நின்றுவிட்டால் அந்த வாசகி பருப்புக் கூட்டுக்கு வந்துவிடுவாரா? கைப்பேசியில் வீடியோவுக்குப் போவார். அங்கே தண்ணீரும் பழமும் மட்டும் குடித்து ஏழு நாளில் ஏழு கிலோ என்பார்கள். அங்கே ஆசிரியர் குழு கிடையாது, கடிதம் எழுத முகவரி கிடையாது, திருத்தம் வெளியிடும் வழக்கமும் கிடையாது. குறையுள்ளதாக இருந்தாலும், கேள்வி கேட்கக்கூடிய இடம் இதழ்தான். அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

செவ்வந்தி

கேள்வி கேட்கக்கூடிய இடம் என்பதால்தான் இங்கே கேட்கிறேன். வீடியோக்காரர் மோசமாகச் சொல்கிறார் என்பது, நீங்கள் சற்றுக் குறைவாக மோசமாகச் சொல்வதற்கு அனுமதி ஆகாது. பெயர் போட்டு, காசு வாங்கி, வீட்டுக்குள் வருகிறீர்கள். அம்மா படித்ததை மகளும் நம்புகிறாள். என் வகுப்பில் பதினாறு வயதுப் பெண்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவில் வெள்ளரிக்காயை மட்டும் கொண்டுவந்து மூடியால் மறைத்துச் சாப்பிடுகிறார்கள். எலும்பு உறுதியாகிற வயது அது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பட்டியலுக்குக் கீழே ஒரு வரி: இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம், இத்தனை மில்லிகிராம் இரும்புச்சத்து, இத்தனை கால்சியம். 1000 கலோரிக்குக் கீழே வந்தால் அந்தப் பட்டியலை அச்சிடவே கூடாது. கணக்குப் போட யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவு அட்டவணையில் கேழ்வரகிலிருந்து முருங்கைக்கீரைவரை எல்லாம் இருக்கிறது. என் பிளஸ் டூ மாணவிகள் ஒரு பீரியடில் போட்டுவிடுகிறார்கள்.

அச்சுக்கூடம்

அந்த ஒரு வரியை ஏற்கிறேன். 1000க்குக் கீழே அச்சிடவே கூடாது என்பதை ஏற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் விரதம் இருக்கும் வீடுகளுக்கும் நாங்கள் எழுதுகிறோம். அந்த ஒரு நாள் பட்டியல் ஆயிரத்துக்குள்தான் வரும். தடை போடுவதைவிட எண்ணைப் போட்டு எச்சரிப்பது மேல்.

செவ்வந்தி

ஒரு நாள் விரதத்தைப் பற்றி நான் பேசவில்லை. இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தொடரச் சொல்லும் பட்டியலைத்தான் சொல்கிறேன். அதில் எண்ணைப் போட்டுவிட்டு விஷயத்தை வாசகியின் தலையில் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

கரிசல்பூமி

டீச்சர், உங்கள் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் இரண்டு பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள். அவர்கள் என்ன செய்வது? டீயை விட முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

வெண்முகில்

முட்டைக்குப் பதிலாக இரவில் இன்னொரு கிண்ணம் தயிரும், தோசைமாவோடு அரைத்த பாசிப்பயறும் சேர்த்துக்கொள்ளட்டும். புரதம் ஏறக்குறைய ஈடாகிவிடும். டீயை விட வேண்டாம். சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், டீயில் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தைச் சேரவிடாது. கீரையும் சுண்டலும் சாப்பிடும்போது எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளட்டும். கொய்யாவும் நல்லது. இரண்டு பேரையும் முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எவ்வளவு என்று இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.